தரிசு என்னும் சொல்லும் சேர்வராயன் உச்சி மண்ணும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கல்வி அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று சங்கத்தார் என்னைப் பணித்தனர். அப்பொருள் குறித்து என்னினும் தகுதியுடையோர் நேற்று முதல் இம்மேடையில் பேசி வருகின்றனர். ஆகவே நான் மண்ணைப் பற்றிப் பேசலாம் எனக் கருதினேன். தலைமுறை தலைமுறையாக மண்ணை வெட்டியும் சுமந்தும் உழுதும் வந்த உங்கள் முன்னிலையில் மண்ணைப் பற்றி நான் பேசுவதா என்னும் தயக்கம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆயினும், மண்ணைத் தொட்ட கை நம்முடையதாக இருந்ததே தவிர, அதனைத் தரம் பிரித்துப் பதிவேட்டில் எழுதிய கை நம்முடையதாக இருந்ததில்லை. அந்த எழுத்தைச் சற்றே படித்துப் பார்ப்பதும் கல்விதான் என்பது என் எண்ணம்.

எல்லா மண்ணையும் பற்றிப் பேச நேரம் போதாது. நம் சேர்வராயன் மலையின் உச்சிகளில், புல் மூடிக் கிடக்கும் வெளிகளில் காணப்படும் மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏற்காட்டுக்கு வருவோர் ஏரியைக் கண்டு, படகேறி, திரும்பி விடுகின்றனர். சிலர் சேர்வராயன் கோயில் வரை செல்கின்றனர். மே மாதத் திருவிழாவின்போது மலையாளி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வரும் அக்கோயில், ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், மேசைப் பலகை போன்று தட்டையான உச்சியில் அமைந்துள்ளது. சுற்றிலும் புல்வெளி, மரங்கள் மிக அரிது. ஆனால் அதே மலையில் சற்றுக் கீழே இறங்கினால் காப்பிச் செடியும், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும் வெயில் தரையில் படாத அளவுக்கு அடர்ந்துள்ளன. மழையோ இரண்டு இடங்களுக்கும் ஒன்றே. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. "அப்படியானால் உச்சி மட்டும் ஏன் ஐயா மொட்டையாக இருக்கிறது?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். மண் மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. ஓயாத காற்றும், கோடைத் தீயும், மேய்ச்சலும் அதில் பங்கு கொள்கின்றன. எனினும் மண்ணின் பங்கு பெரிது.

நம் மலையின் அடிப்பாறை சார்னகைட் எனப்படும் மிகப் பழமையான கரும்பாறை. மழை நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு இறங்குவதால் மெல்லிய அமிலத் தன்மை உடையது. அந்நீர் எண்ணற்ற ஆண்டுகளாகப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி அதனைச் சிதைக்கிறது. முதலில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பொட்டாசியமும் சோடியமும் கரைந்து வெளியேறுகின்றன. பின்னர் சிலிக்காவும் மெல்ல மெல்லக் கரைகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. இரும்பு துருவேறிச் சிவக்கிறது. இவ்வாறு உண்டாவதைத்தான் நாம் பாடநூலில் சரளை மண் என்று கற்பிக்கிறோம். சரிவான இடத்தில் மண் உண்டாக உண்டாக மழை அதனை அரித்துக் கீழே சேர்த்துவிடும். தட்டையான உச்சியிலோ மண் இருந்த இடத்திலேயே இருக்க, நீர் மட்டும் அதனூடே வடிந்து சென்றுகொண்டே இருக்கும். எனவே, மலையிலேயே மிக நீண்ட காலம் கழுவப்பட்ட மண், உச்சியில் உள்ள மண்தான். அதில் பயிருக்கு உணவாகும் சத்துகள் குறைந்து போனதற்கு அதுவே காரணம்.

இவ்வகைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் லேட்டரைட் என்னும் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சிஸ் புக்கானன் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் 1800-ஆம் ஆண்டில் மைசூர், மலபார் பகுதிகளில் பயணம் செய்தார். இன்றைய கேரளத்தின் அங்காடிப்புரம் பகுதியில், நிலத்திலிருந்து மென்மையான கல்லை இரும்புக் கருவியால் செங்கல் வடிவில் வெட்டியெடுத்து, காற்றில் இறுகவிட்டு, வீடு கட்டுவதைக் கண்டார். அதனை உள்ளூர் மக்கள் இட்டிகைக் கல் என்று சொல்வதையும் குறித்துக்கொண்டார். இட்டிகை என்றால் செங்கல். அச்சொல்லையே இலத்தீனில் ஆக்கி, செங்கல்லைக் குறிக்கும் லேட்டர் என்பதிலிருந்து லேட்டரைட் என்று பெயர் சூட்டி, 1807-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 1979-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அங்காடிப்புரத்தில் இதற்கு ஒரு நினைவுக் கல்லும் நிறுவியது. அந்தக் கல்லை வெட்டியவர்களின் வாய்ச்சொல்லே உலக விஞ்ஞானத்தின் கலைச்சொல்லாயிற்று என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை இங்குக் கூறினேன்.

இனி, இம்மண்ணின் குணங்களுக்கு வருவோம். உச்சிப் புல்வெளியில் ஒரு சாண் தோண்டிக் கையில் அள்ளினால் மணலும் சரளையும் கலந்து பொலபொலவென்று உதிரும். நீர் ஊற்றினால் நிற்காது; உள்ளே இறங்கிவிடும். உழவர்கள் மணற்சாரி என்று கூறும் மண்ணைப் போன்றே நடந்துகொள்ளும். ஆனால் இதில் ஒரு வியப்பு இருக்கிறது. மண் வகைகளைக் கையால் அறியும் பயிற்சிக்காக மாணவர்களை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். மண்ணை நனைத்து உருட்டி நாடா போல் நீட்ட வேண்டும்; நீண்டால் களி, உடைந்தால் மணல் என்பது பாடம். எல்லாரும் உடனே "மணல்" என்று எழுதிக்கொண்டனர். ஒரு மாணவி மட்டும் எழுதாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுடைய தாயார் காப்பித் தோட்டத்தில் நாற்றுப் பைக்கு மண் கலப்பவர். "ஐயா, முதலில் மணலாக இருக்கிறது, பிசையப் பிசையக் களியாகிறது" என்றாள். அவள் கூறியது முற்றிலும் சரி. இத்தகைய மண்ணில் களித்துகள்கள் இல்லாமல் இல்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அத்துகள்களைச் சிறுசிறு மணிகளாக இறுகக் கட்டி வைத்திருக்கின்றன. அம்மணிகள் மணலைப் போன்றே நீரை விடுகின்றன. மண்ணியலார் இதனைப் பொய்மணல் என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிடுவர். இரண்டு நிமிடம் பிசைந்தவரே உண்மையை அறிவர்.

நீரின் கணக்கைச் சற்றே காண்போம். மணற்பாங்கான மண்ணில் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் மழை உள்ளே இறங்க வல்லது. களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரையே இறங்கும். ஆகையால் மணல் நிலத்தில் நீர் தேங்காது, வேர் அழுகாது, மழை விட்ட மறுநாளே ஏர் பூட்டலாம். மறுபுறம், ஒரு மீட்டர் ஆழ மண் பயிருக்கென்று பிடித்து வைக்கும் நீரின் அளவு களிமண்ணில் 175 முதல் 250 மில்லிமீட்டர் வரை. மணலில் 25 முதல் 100 மில்லிமீட்டர் மட்டுமே. பத்து நாள் வெயில் அடித்தால் மணல் நிலத்துப் பயிர் வாடும். இட்ட உரமும் நீரோடு வடிந்துவிடும். உச்சி மண்ணில் மேலும் ஒரு குறை உண்டு. அது அமிலத் தன்மை உடையதாகையால், நாம் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை.

இத்தனை குறையுள்ள மண்ணில் புல் மட்டும் எவ்வாறு செழிக்கிறது? ஒரு புல் தூரினை மண்ணோடு பெயர்த்து நீரில் அலசிப் பாருங்கள். மேலே ஒரு முழம் இருக்கும் புல்லுக்குக் கீழே நூல் நூலாக வேர் பின்னிக் கிடக்கும். அவ்வேர்களில் ஒரு பகுதி ஆண்டுதோறும் மடிந்து மக்குகிறது, புதியன தோன்றுகின்றன. மேல் மண்ணின் ஒரு சாண் அளவு கருஞ்சிவப்பாக இருப்பது அந்த மக்கினால்தான். கரைந்தோடும் சத்தினைப் பற்றி நிறுத்துவதும் அந்த மக்கே. கோடையில் தீ மேலே பொசுக்கினாலும் புல்லின் குருத்து தரைமட்டத்தில் தப்பி, முதல் மழைக்கே துளிர்க்கிறது. இங்கு மண் புல்லைத் தாங்குகிறது என்பதைவிடப் புல் மண்ணைத் தாங்குகிறது என்பதே பொருந்தும். புல்லைப் பிடுங்கி உழுதால் இரண்டு மூன்று போகம் சாமையோ தினையோ விளையும். அதற்குப் பின் மக்கு தீர்ந்துவிடும். மழை மேல் மண்ணை அரித்துச் சரளையை மட்டும் விட்டுச் செல்லும். முன்னோர் மலைச் சாகுபடியில் சில ஆண்டு பயிரிட்டுப் பல ஆண்டு நிலத்தைச் சும்மா விட்டது சோம்பலால் அன்று. அந்த ஓய்வுக் காலத்தில்தான் வேர் மறுபடியும் மக்கைச் சேர்த்தது.

உச்சியில் இறங்கிய மழை எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். அது பாறை வெடிப்புகளில் தங்கி, மழை நின்ற பின்னும் சரிவுகளில் ஊற்றாகக் கசிகிறது. திருமணிமுத்தாறு சேலத்தின் பக்கமும், வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கமும் இம்மலையிலிருந்தே இறங்குகின்றன. நீரைத் தனக்கென வைத்துக்கொள்ளாத மண் கீழே உள்ளவர்களுக்கு அதனை அனுப்பி வைக்கிறது.

இத்தகைய நிலத்துக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் இடப்பட்ட பெயர் தரிசு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என அதில் இரு பிரிவுகள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் மண் வயனமும் ரகமும் என்று ஒரு கலம் இருக்கும். தரம் என்று மற்றொரு கலம் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவரித் திட்ட அலுவலர்கள் கரிசல், செவ்வல், மணல் என நிறத்தையும் தன்மையையும் பார்த்து, களி எவ்வளவு, மணல் எவ்வளவு எனக் கணித்து, ஒவ்வொன்றையும் நல்லது முதல் கடையானது வரை தரம் பிரித்ததன் எச்சம் அது. அவர்கள் பார்த்தது ஒன்றுதான்: எவ்வளவு வரி கிடைக்கும்? வரி தராத நிலம் வீண் நிலம். அந்த அளவுகோலில் புல்வெளியின் ஊற்றும் இல்லை, ஆட்டுக்கும் மாட்டுக்குமான மேய்ச்சலும் இல்லை, துடைப்பத்துக்கு உதவும் சிற்றீச்சையும் இல்லை. 2000-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு வெளியிட்டு வரும் தரிசு நில வரைபட நூல்களிலும் இந்நாட்டின் இயற்கைப் புல்வெளிகள் பல அதே தலைப்பின் கீழேயே அடைக்கப்பட்டன. வேடிக்கை என்னவெனில், தரிசு எனப்பட்ட இதே உச்சியில்தான் பாக்சைட் இருக்கிறது. 1965-இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இம்மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அது வெட்டிச் செல்லப்பட்டது. புல் வளர்த்தபோது பயனற்றது எனப்பட்ட நிலம், தோண்டுவதற்கு என்று வந்தவுடன் விலைமதிப்பு உடையதாயிற்று. தோண்டிய குழியை மூடிச் செடி நட்டாலும், வேரும் மக்கும் சேர்ந்து கட்டிய அந்த ஒரு சாண் மண் திரும்ப நம் பிள்ளைகளின் ஆயுள் போதாது.

தரிசு என்னும் சொல்லுக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்த அரங்கில் அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் விளைவாக, 30-9-1892 நாளிட்ட 1010 எண் வருவாய்த் துறை ஆணை பிறந்தது. அதன்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதன் பின்னும் நம் இனத்தாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்கள் பிறர் கைக்குப் போனதற்கு மண் காரணம் அன்று. கடனும் மிரட்டலும் கைநாட்டும் காரணம். அதனை மறைத்துப் பேசுதல் தகாது. ஆயினும் வழங்கப்பட்டவை தரிசுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் மறத்தல் கூடாது. 2006-இல் தமிழக அரசு நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வரை வழங்கத் தொடங்கியபோதும் எடுக்கப்பட்டவை தரிசுகளே. களியும் வண்டலும் உள்ள நஞ்சைகள் முன்பே உரியவர்கள் எனப்பட்டோர் கையில் இருந்தன.

அண்ணல் அம்பேத்கர் 1918-இல், தம் இருபத்தேழாம் வயதில், இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலத்தின் பரப்பை மட்டும் கொண்டு ஒரு பண்ணை கட்டுபடியாகுமா ஆகாதா என்று தீர்மானிக்க முடியாது. அதனோடு சேரும் மூலதனமும் உழைப்பும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதே முக்கியம் என்பது அதில் அவர் வாதம். மணல் நிலத்துக்கு இது முழுமையாகப் பொருந்தும். எருவும் நீரும் இல்லாத இரண்டு ஏக்கர் மணல், இரண்டு ஏக்கர் வண்டலுக்கு ஒருபோதும் ஈடாகாது; பட்டாவில் மட்டும் இரண்டும் இரண்டே.

இதே கதை உலகின் மறுபுறத்திலும் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மணற்குன்றுகள் உள்ளன; அவற்றைப் புல் மூடியுள்ளது. அங்குள்ள மண்ணுக்கு வாலன்டைன் மண் என்று பெயர். அது நம் உச்சி மண்ணைப் போன்று பாறை சிதைந்து உண்டானது அன்று; காற்றுக் கொணர்ந்து குவித்த மணல். மழையும் அங்கு நம் மலை மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆனால் நீரை உடனே உள்வாங்குவதிலும், புல்வேரை நம்பி நிற்பதிலும் இரண்டும் உறவினர். 1904-இல் கின்கெய்டு சட்டம் என்று ஒன்றை இயற்றி, குடியேறுவோருக்குக் குடும்பத்துக்கு 640 ஏக்கர் அங்கு இலவசமாக அளித்தனர். 640 ஏக்கர் என்றதும் நமக்கு மூச்சு நின்றுவிடும்! ஆனால் அந்த மணலில் அத்தனை ஏக்கரும் சில மாடுகளுக்கே போதும். 1907 முதல் கறுப்பின மக்கள், அதாவது அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்தம் வழிவந்தவர்களும், அங்கு டிவிட்டி என்னும் ஊரை அமைத்தனர். புல் வேரோடு கூடிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி வீடு கட்டினர். உழுத இடத்தில் காற்று மணலைக் குழி குழியாக வாரிச் சென்றது. நல்ல நிலமெல்லாம் முன்பே பிறர் கையில் போய்விட்ட பின் கிடைத்த நிலம் அது. 1930-களின் நடுவில் ஊர் கலைந்தது. அவர்கள் உழைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லக் கூடியவர் யார்? அந்தச் சிற்றூரார் தம் பிள்ளைகளுக்காக மூன்று பள்ளிகளை நடத்தினர் என்பதை நம் சங்கத்தார் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அம்மணலோ இன்றும் புல் மூடி, மழையை நிலத்தடியில் இறக்கி, பெரியதோர் நீர்ப்படுகையை நிரப்பி வருகிறது.

நம்மில் பலருக்கு அடிவாரத்திலும் மலையிலும் சரளை நிலமோ மணல் நிலமோ ஓரிரண்டு ஏக்கர் உண்டு. அவர்களுக்கு நான் கூறத்தக்கது இவ்வளவே. சரிவில் மேலிருந்து கீழாக உழாதீர்கள். குறுக்கே உழுது, இடையிடையே புல் வரிசை விட்டு வையுங்கள். சாமை, தினை, கொள்ளு ஆகியவை இம்மண்ணை அறிந்த பயிர்கள். அவற்றை இழிவாக எண்ண வேண்டாம். உரத்தை ஒரே முறையில் கொட்டினால் மழையோடு போகும். மூன்று தவணையாகப் பிரித்து இடுங்கள். தழையும் தொழு உரமும் எவ்வளவு சேர்த்தாலும் மிகையாகாது. தட்டையான உச்சிப் புல்லைப் புல்லாகவே விட்டு, அறுத்து மாட்டுக்குப் போடுவது உழுவதினும் இலாபம்.

சுண்ணாம்பு இடலாமா, எவ்வளவு இடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். மண்ணைப் பரிசோதித்துக் கேளுங்கள். சேலத்தில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 2015 முதல் மண் வள அட்டையும் வழங்கி வருகின்றனர். மாதிரி எடுக்கும் முறை எளிது. வரப்பு ஓரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி, நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை அகற்றி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரு பக்கமும் சரிந்த குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கங்களில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரற்கடை கனத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்கு பாகமாக்கி எதிரெதிர்ப் பாகம் இரண்டைத் தள்ள வேண்டும். அரைக் கிலோ எஞ்சும் வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடுங்கள். பெயர், கிராமம், சர்வே எண், சென்ற போகப் பயிர், வரும் போகப் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். எழுத இயலாதவர்கள் வரும் சனிக்கிழமை முற்பகல் பையுடன் நம் பள்ளிக்கு வாருங்கள்; ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எழுதித் தருவார்கள். 'அ' பதிவேட்டின் நகல் வைத்திருப்போர் அதனையும் கொண்டு வந்தால், மண் வயனம் என்ற கலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைகளைக் கொண்டே படித்துப் பார்க்கலாம்.